குதிரை சேர் சிபாரிசு செய்த படங்கள்

கண்டி நகரில் குதிரைப் படங்களுக்கு அதிக ரசிகர்களை உண்டாக்கியவர் குதிரை சேர்தான். அந்த ரசிகர்களில் ஒருவர்கூட ஒரு குதிரைப் படத்தையும் பார்த்ததில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவர் ஒரு படத்தைச் சிபாரிசு செய்தால், முதல் குதிரை புழுதியில் கால் வைப்பதிலிருந்து கடைசித் தோட்டா வெடிப்பது வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் "கட்டாயம் பாருங்க" என்பார். அதற்குப் பிறகு பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? தொப்பி போட்டவர்கள் தண்ணீரில்லாத ஊர்களில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் அமெரிக்க கௌபோய் படங்களைத்தான் எங்கள் கிளையில் குதிரைப் படம் என்போம். அவர் புண்ணியத்தில் எங்களுக்கு அவையெல்லாம் மனப்பாடம்.

எங்கள் கிளை என்பது மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளை. அங்கே வாகன விபத்துகளுக்கு நட்டஈடு கொடுக்கும் பிரிவுக்கு அவர் பொறுப்பு. அவருக்கு வீட்டில் வைத்த நல்ல முருகன் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டைத் தாண்டி எங்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. 'குதிரை' என்று நாங்கள் முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னோம். அது அவர் காதில் விழுந்த அன்று கோபப்படுவார் என்று பயந்திருந்தால், மனிதர் எல்லோருக்கும் ரோல்ஸும் பாலில்லாத பிளேன்டித் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து காவலாளி முதல் மெனேஜர் மேடம் வரை எல்லோருக்கும் அவர் குதிரை சேர்.

அவர் வாழ்க்கையில் குதிரை ஏறியதில்லை. நுவரெலியாவில் ஒருமுறை ஏறப் போய், ஒரு காலைத் தூக்கியதும் குதிரை திரும்பிப் பார்த்ததாம். காலை இறக்கிவிட்டார். "அதோட கண்ணுல மரியாதை இல்ல தம்பி" என்று அதற்கு விளக்கம் சொன்னார்.

வாவிக் கரையில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கும் மண்ணிறத் தொப்பி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கண்டி மழைக்கு அது சாயம் விட்டது. மழை நாட்களில் அவர் நெற்றியிலிருந்து தாடை வரை பிளேன்டி நிறத்தில் கோடு இறங்கும். துடைத்துக்கொள்ள மாட்டார். கந்தோருக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றி அலுமாரிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முழுக் கிளையையும் நோட்டம் விட்டபடி உட்காருவார். மேசையையும் அதற்கேற்பத் திருப்பிப் போட்டிருந்ததால் நட்டஈடு கேட்டு வருகிறவர்கள் அவரிடம் பக்கவாட்டில் நின்றுதான் பேச முடியும். கழுத்து சுளுக்கிய ஒருவர் மேடத்திடம் முறையிட்டபோது குதிரை சேர் அசரவில்லை.

"கதவுக்கு முதுகு காட்டி உக்காந்தவன் எவனும் கடைசி ரீல் வரைக்கும் இருக்கிறதில்ல மேடம்" என்றார். அந்தக் கடைசி ரீலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தை விசாரிக்கும் முறையும் தனி. அக்குறணையிலிருந்து ஒரு முச்சக்கரவண்டிக்காரர் வந்தார். பாடசாலை வேன் ஒன்று பின்னால் வந்து இடித்துவிட்டது.

"ரெண்டு பேருல முதல்ல யாரு மொறைச்சது?"

"மொறைக்க எங்க சேர் நேரம்? நான் முன்னால பாத்துக்கிட்டு ஈக்கிறேன். அவர் பின்னால வந்து குடுத்துட்டார்."

"முதுகுல சுட்டிருக்கான்" என்றார் குதிரை சேர். பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கோழை."

அந்தக் காசு அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்தது. எங்கள் நிறுவனத்தின் விதிமுறைகளை வாடிக்கையாளர் யாரும் விளங்கிக்கொண்டதாக நான் கண்டதில்லை. குதிரை சேருடைய விதிமுறைகள் எல்லோருக்கும் விளங்கின.

படங்களுக்கு அவர் ஆங்கிலப் பெயர் சொல்லவே மாட்டார். "பேரு டிக்கட் வெட்டுறவனுக்குத் தம்பி, நமக்கு எதுக்கு?" என்பார். எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். கிணத்துப் படம், ஒத்தக்கண்ணு பாதிரியார், சலூன்காரி, ரயில் வராத ஊரு. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் தேடினால் உங்களுக்குக் கிணறு வெட்டும் இயந்திரம்தான் கிடைக்கும். நான் தேடியிருக்கிறேன்.

யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் வைத்தியம் ஒரு படம். எனக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் போன அன்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், ஒத்தக்கண்ணு பாதிரியாரை அவிழ்த்துவிட்டார். காசாளர் ரிஸானா அக்குறணைப் பெண். மாமியாரோடு மனஸ்தாபம் என்று ஒருநாள் கண்ணைக் கசக்கியபோது அவளுக்குச் சாராயக்கடை நடத்தும் சலூன்காரி. ஸ்டேப்ளர்தான் துப்பாக்கி. இரண்டு பிளேன்டிக் கோப்பைகளைக் கவிழ்த்து மேசையில் தட்டினால் குதிரை ஓடும். முன்னாள் இராணுவக்காரரான எங்கள் காவலாளி, முதல் முறை அந்தச் சத்தங்களைக் கேட்டு உள்ளே பாய்ந்து வந்தார். இரண்டாம் முறையிலிருந்து கதை கேட்க வந்தார்.

படம் எதுவாக இருந்தாலும் முடிவு மட்டும் ஒரே மாதிரி இருக்கும். கெட்டவன் விழுவான். நல்லவன் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, யார் வீட்டிலாவது ஆணியில் தொப்பியை மாட்டுவான். எல்லோரும் உட்கார்ந்து பிளேன்டி குடிப்பார்கள்.

"அமெரிக்கக் காட்டுல பிளேன்டி ஏது சேர்?" என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"பின்ன என்னா, அவ்வளவு சுட்டுட்டு வந்தவன் பச்சத் தண்ணியவா குடிப்பான்?"

ரிஸானாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "சேர்ட படத்துல எல்லாரும் கடைசில ஊட்டுக்குப் போயிர்றாங்க என்ன?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். நல்ல படங்கள் அப்படித்தான் முடியும் போல என்று நான் பெரிய மனிதத் தோரணையில் பதில் சொன்னேன்.

பொதுவாகவே இந்தப் பட ரசிகர்கள் ஒரு தனி இனம். "என்ன, இன்னும் பார்க்கலையா?" என்று அவர்கள் கேட்கும்போது முகத்தில் ஓர் இரக்கம் வரும், பாருங்கள். உங்கள் வீட்டுக் கூரை பறந்துபோனாலும் அவ்வளவு இரக்கப்பட மாட்டார்கள். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதா அவர்கள் ஆசை? பார்த்துவிட்டு வந்து "பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள், ஆயுள் பகை. அவர்களுக்குத் தேவை பார்க்காத ஆட்கள். குதிரை சேருக்கு ஒரு கிளை முழுக்க அப்படிப்பட்ட ஆட்கள் கிடைத்திருந்தோம். பல வருடங்கள் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியைக் கெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து தயாபரன் மாற்றலாகி வந்தார்.

தயாபரன் இளைஞர், கெட்டிக்காரர், படங்களுக்கு நட்சத்திரம் போடுகிறவர். ஒவ்வொரு படத்துக்கும் அவருடைய போனில் மதிப்பெண் இருந்தது. அரை நட்சத்திரம் கொடுக்கலாமா, கால் நட்சத்திரமா என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் யோசிப்பதைப் பார்த்தால் உயர்தரப் பரீட்சை வினாத்தாள் திருத்துகிறாரோ என்று தோன்றும். வந்த கொஞ்ச நாளில் கிளைக்கென்று 'குதிரைக் கூட்டம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவையும் தொடங்கிவிட்டார். ஒரு கந்தோருக்கு இப்படி ஒருவரே அதிகம். எங்களுக்கு இரண்டு பேர்.

ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு குதிரை சேர் புது ஆளுக்குக் கொக்கி போட்டார்.

"தம்பி, கிணத்துப் படம் பாத்திருக்கீங்களா?"

"எது சேர்? இங்கிலீஷ் பேர் என்ன?"

"பேரு கெடக்கட்டும். தண்ணி இல்லாத ஊரு. ஒரே ஒரு கெணறு. ஒரு கும்பல் அதுக்குக் காவல். அப்ப நொண்டிக் குதிரையோட ஒருத்தன் வர்றான்..."

"ஓம் ஓம், பாத்தனான்! பாண் சுடுற ஒரு விதவைப் பொம்பிளையும் வருவா."

குதிரை சேர் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். எத்தனையோ வருடங்களாகத் தனியாகக் கத்திக்கொண்டிருந்தவருக்கு முதல் முறையாக எதிர்க் குரல் கேட்டிருக்கிறது. குழம்புக் கையோடு தயாபரனின் தோளைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை மஞ்சளானது. தயாபரனும் அதைப் பொருட்படுத்தவில்லை. நொண்டிக் குதிரையின் எந்தக் கால் நொண்டி, அந்தப் பெண் பாண் ரொட்டியை மூடி வைக்கும் துணி என்ன நிறம் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக் குதூகலித்தார்கள். எங்களுக்கு மாப்பிள்ளை பார்த்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"அந்த முடிவு இருக்கே தம்பி" என்றார் குதிரை சேர், கண்ணை மூடி. "துப்பாக்கியக் கழட்டிக் கெணத்துல போட்டுட்டு, அந்தப் பொம்பளை வீட்டு ஆணியில தொப்பிய மாட்டுறான் பாருங்க, எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்கும்."

தயாபரன் சோறு பிசைவதை நிறுத்தினார்.

"சேர், அவன் தொப்பி மாட்டேல்லையே. செத்துப் போறானெல்லே."

"செத்துப் போறானா?"

"ஓம். கிணத்தடியில. சண்டையில அவனுக்கும் சூடு படும். வாளியால அள்ளுவான், தண்ணி மேல வரும், குடிக்க முதலே உயிர் போயிடும். வாளி கையிலதான் கிடக்கும். அதுக்காகத்தான் நான் நாலரை குடுத்தனான்."

குதிரை சேர் உட்கார்ந்தார். பார்சலை மடித்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கண்டிக்கு வந்தது வேற பிரிண்டு தம்பி" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நட்சத்திரம் போடுகிறவர்கள் விட மாட்டார்கள். தயாபரன் மெல்ல மெல்ல மற்றப் படங்களையும் கேட்டுக் கறந்தார். ஒத்தக்கண்ணு பாதிரியார் கடைசியில் வீட்டுக்குப் போகவில்லையாம், சிறைக்குப் போகிறாராம். சலூன்காரி யாருக்கும் பிளேன்டி ஊற்றவில்லையாம், சலூனையே கொளுத்திவிட்டுப் போகிறாளாம். ஒவ்வொன்றுக்கும் "வேற பிரிண்டு" என்றுதான் பதில் வந்தது. கண்டிக்கு மட்டும் இத்தனை வேறு பிரிண்டுகளை அனுப்பிவைக்க அமெரிக்காவில் யாருக்கு நேரம் இருந்தது என்று தயாபரன் குழுவில் கேட்டார். சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன. அதில் என்னுடையதும் ஒன்று.

பிறகு ஒருநாள் வெளிப்படையாகவே எழுதினார்: குதிரை சேர் இந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை, எல்லாம் கதை. அந்தச் செய்தியைக் குதிரை சேர் பார்த்ததற்கு அடையாளமாக நீல நிறச் சரிக்குறிகள் விழுந்தன. அடுத்த நாள் ஸ்டேப்ளரை அவர் கடதாசி குத்துவதற்கு மட்டும் பயன்படுத்தினார். வாசலில் காவலாளி காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. பிரியாவிடைக்கு என்ன செய்யலாம் என்று மேடம் கேட்டபோது தயாபரன் முந்திக்கொண்டார். கூட்ட அறையில் புரொஜெக்டர் இருக்கிறது, சேருக்குப் பிடித்த கிணத்துப் படத்தை எல்லோருமாகப் பார்ப்போம் என்றார். மேடத்துக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோய் உடனே சம்மதித்துவிட்டார்.

குதிரை சேர் என்னென்னவோ செய்து பார்த்தார். புரொஜெக்டர் வெளிச்சம் கண்ணுக்குக் கூடாது என்றார். துப்பாக்கிச் சத்தத்துக்கு வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். வாழ்நாள் முழுவதும் ஸ்டேப்ளரால் சுட்டவர் சொல்கிற பேச்சா இது? சின்னத் திரையில் குதிரை பூனை மாதிரித் தெரியும் என்றார். பெரிய திரை என்று மேடம் சிரித்தார்.

பிரியாவிடைக்கு முதல் நாள் கீழே இருக்கும் தேநீர்க் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தொப்பியைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைத்தார். அவர் தொப்பியை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, தயாபரன் சொல்றது முக்கால்வாசி பொய்யி, கால்வாசி உண்மை."

"என்னா சேர் சொல்றீங்க?"

"படமெல்லாம் பாத்தேன். முடிவு பாக்கல. ஒரு படத்துலயும் பாக்கல."

நான் பிளேன்டியைக் கீழே வைத்தேன்.

"நம்ம ஊரு தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம்னு தெரியும்ல. ஏ.எல். படிக்கிறப்ப டியூசனுக்குன்னு கண்டிக்கு வருவேன். டியூசனுக்குப் போகாம படத்துக்குப் போயிருவேன். படம் முடியிறதுக்குக் கால் மணி நேரம் இருக்கிறப்பவே தெல்தோட்டைக்குக் கடைசி பஸ் போயிரும். அத விட்டா விடிய விடிய பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும். எங்கப்பா லயத்து ரோட்டுல டோர்ச் லைட்டோட நிப்பாரு, மகன் படிச்சிட்டு வர்றான்னு. அதனால சண்ட தொடங்கினதும் எந்திரிச்சிருவேன். திரும்பி நடக்க மனசு வராது தம்பி. திரையைப் பாத்துக்கிட்டே பின்னுக்கு நடந்துதான் கதவு வரைக்கும் போவேன். எத்தன பேரு கால மிதிச்சிருக்கேன்."

"அப்ப முடிவெல்லாம்?"

"பஸ்ஸுல உக்காந்து நானே முடிச்சிருவேன். கலஹா வளைவு தாண்டுறதுக்குள்ள படம் முடிஞ்சிரும்."

"எல்லாத்தையும் ஏன் சேர் வீட்டுக்கே அனுப்பினீங்க?"

அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் வீட்டுக்குத்தானே போய்க்கிட்டு இருக்கேன். அவன மட்டும் எப்படித் தம்பி அந்தப் புழுதியில விட்டுட்டு வர்றது?"

இப்போது போனிலேயே எல்லாப் படமும் இருக்கின்றனவே, இன்றைக்கே கிணத்துப் படத்தின் கடைசிக் கால் மணி நேரத்தைப் பார்த்துவிட்டால் நாளைக்குத் தயாராக இருக்கலாமே என்று நான் புத்தி சொன்னேன்.

"பாத்தா அவன் செத்துருவான்ல? பாக்காத வரைக்கும் அந்தப் பொம்பளை வீட்டுலதானே இருக்கான்."

விபத்து, மரணம், மரணச் சான்றிதழ் என்று உத்தியோகக் காலம் முழுவதையும் ஓட்டிய மனிதர் அவர். ஒரு சினிமாக்காரனின் மரணத்தை மட்டும் ஆதாரத்தோடு காட்டினாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிக்க முடியவில்லை.

"யாருக்கும் சொல்லிறாதீங்க" என்றார். "ஆனா நாளைக்கு எல்லாரும் பாத்துருவாங்க. இத்தன வருசம் இந்தக் கந்தோருல எனக்கு இருந்தது அந்தக் கதைங்க மட்டுந்தான் தம்பி. பொய்க்காரன்னு பேரு வாங்கிக்கிட்டு எப்படி பஸ் ஏறுவேன்?"

மறுநாள் பாற்சோறு, பட்டர் கேக், சம்பங்கி மாலை. மேடம் பேசினார். காவலாளி பேச எழுந்து, பேச்சு வராமல் சல்யூட் அடித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். குதிரை சேர் வழக்கம் போல முதுகைச் சுவரில் ஒட்டி, கதவோரமாக உட்கார்ந்துகொண்டார்.

நொண்டிக் குதிரை வந்தது. முன் இடது கால் நொண்டி. அவர் சொல்லியிருந்த அதே கால். விதவை பாணை மூடினாள், நீலக் கட்டம் போட்ட துணி, அதுவும் அவர் சொன்னதுதான். திரையில் ஒருவன் வாய் திறப்பதற்கு முன்பே குதிரை சேரின் உதடுகள் அசைந்தன. எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த நாய் குரைக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. தயாபரன் திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்.

"சேர் பாத்துத்தான் இருக்கிறார்" என்று என் காதில் கிசுகிசுத்தார். "அப்ப ஏன் முடிவு மட்டும் பிழை?"

கும்பல் கிணற்றைச் சுற்றி நின்றது. முதல் வெடி வெடித்தது. குதிரை சேர் எழுந்தார். மாலையோடும், மடித்துக் கொடுத்த கேக்கோடும், தொப்பியோடும் எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். பட்டப்பகல். தெல்தோட்டைக்குப் போக இன்னும் எத்தனையோ பஸ்கள் இருந்தன. திரையைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்தார். காவலாளியின் காலை மிதித்தார். கதவைத் திறந்து போய்விட்டார்.

படம் முடிந்தது. தயாபரன் சொன்ன மாதிரியேதான் முடிந்தது. வாளி மேலே வந்தது, தண்ணீர் தளும்பியது, அவன் குனிந்தான், போய்விட்டான். விளக்கைப் போட்டபோது ரிஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன படம்? ஒரு மொடக்குத் தண்ணி குடிக்க விட்டா இவங்களுக்கு என்ன கொறையும்? சேர் செல்ற படம்தான் எனக்குத் தெரியும். இது எனக்கு வாணாம்."

தயாபரன் வென்றுவிட்டார். போனைக் கையில் எடுத்து, குழுவில் எழுதுவதற்கு விரலையும் வைத்துவிட்டார். ஒரு ரகசியத்தைச் சொன்னவரைக் காப்பாற்ற அதைப் போட்டு உடைக்க வேண்டிய நேரம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசி பஸ், டோர்ச் லைட், கலஹா வளைவு எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். தயாபரன் எழுதத் தொடங்கியதை அழித்தார். பிறகு குதிரை சேரின் இலக்கத்தை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

பஸ் இரைச்சல் கேட்டது. பேராதனைப் பாலத்தடியில் நெரிசல் போல, ஓயாமல் ஹோர்ன் அடித்தார்கள்.

"சொல்லுங்க தம்பி" என்றார் குதிரை சேர். தீர்ப்புக் கேட்க வந்தவரின் குரல்.

"சேர், இஞ்ச கரண்ட் போயிட்டுது. சண்டை தொடங்கின இடத்தில படம் அப்பிடியே நிண்டுட்டுது. ஒருத்தருக்கும் முடிவு தெரியாது."

எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் மேடத்தின் மின்சாரக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மேடமே மெல்ல எட்டி அதை அணைத்தார்.

"நீங்கதான் பாத்திருக்கீங்களே தம்பி" என்றது போன்.

தயாபரன் போனை நோக்கிக் குனிந்தார். "நான் பாத்தது வேற பிரிண்ட் சேர்."

அந்தப் பக்கம் பஸ் நகரும் சத்தம் கேட்டது. பிறகு குதிரை சேர் மூக்கை உறிஞ்சினார். "சரி, கேளுங்க" என்றார்.

அந்தக் கால் மணி நேரத்தை மனிதர் கலஹா வரைக்கும் இழுத்தார். ஸ்டேப்ளர் இல்லாததால் வாயாலேயே சுட்டார். பஸ்ஸில் யாரோ ஒரு பெரியவர் "அப்பறம்?" என்று கேட்பது எங்களுக்கும் கேட்டது. கும்பல் விழுந்தது. துப்பாக்கி கிணற்றுக்குள் போனது. வாளி மேலே வந்ததும் ரிஸானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குடித்தான். வயிறு நிறையக் குடித்தான். பிறகு முகம் கழுவி, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், ஆணியில் தொப்பியை மாட்டி, பிளேன்டியும் சூடான பாணும் சாப்பிட்டான். எங்கள் காவலாளி கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். தயாபரன் போனை எடுத்து, தான் போட்டிருந்த நாலரையை ஐந்தாக மாற்றியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

குதிரை சேர் இப்போது தெல்தோட்டையில் மிளகுக் கொடி வளர்க்கிறார். டீவி ரிமோட் மனைவியின் கையில் இருப்பதாகக் கேள்வி. நான் இப்போதெல்லாம் குதிரைப் படங்கள் பார்க்கிறேன். சண்டை தொடங்கியதும் நிறுத்திவிட்டு அவருக்குப் போன் எடுத்து, "சேர், கரண்ட் போயிருச்சு" என்கிறேன். நான் இருக்கும் ஹந்தானைப் பக்கம் இவ்வளவு கரண்ட் ஏன் போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "எந்த எடத்துல தம்பி நின்னுச்சு?" என்று மட்டும் கேட்பார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.